வீட்டுத் தனிமையில் ஒற்றைத் தலைவலி: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

2020 ஜூன் மாதம். சென்னையில் 19-ஆம் தேதியிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. திருவல்லிக்கேணியில் எங்கள் சந்துக்குள் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று என்று தெரிந்ததும் சந்தின் வாயைத் தகரம் வைத்து அடைத்தார்கள். எங்கள் கதவிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 14 நாள் வெளியே தலைகாட்டக் கூடாது. இரண்டு அறை, ஐந்து பேர். மூன்றாம் நாள் காலையிலேயே இடது கண்ணுக்குப் பின்னால் அந்தப் பழகிய துடிப்பு ஆரம்பித்துவிட்டது.

"வெயில்ல அலையல, பஸ்ல தொங்கல, வீட்லதானேம்மா இருக்க? அப்புறம் ஏன் தலை வலிக்குது?" என்று மாமியார் கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

மைக்ரேன் என்கிற இந்த ஒற்றைத் தலைவலிக்கு ஆகாதது மாற்றம். தூக்கம், சாப்பாடு, காபி, வெளிச்சம் எல்லாம் நேரத்துக்கு நேரம் ஒரே மாதிரி நடந்தால் ஓரளவு அடங்கிக் கிடக்கும். வேலைக்குப் போகிற நாட்களில் ஆறு மணி பாலும் எட்டு மணி பஸ்ஸும் அந்த ஒழுங்கை நமக்காகக் காப்பாற்றிக்கொடுத்தன. பயண அலைச்சல் நின்றதில் வலி குறைந்தவர்களும் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஒழுங்கு போனதுதான் வினையாயிற்று.

ராத்திரி இரண்டு மணி வரை செல்போனில் தொற்று எண்ணிக்கை பார்ப்பது, அதற்கு ஈடாகக் காலை ஒன்பதரை வரை தூங்குவது, எழுந்து காலைச் சாப்பாடு இல்லாமல் நேராக மதியச் சாப்பாடு. மூன்றுமே வலியை வா வா என்று அழைக்கிற காரியங்கள். எழுகிற நேரத்தை மட்டுமாவது மாற்றாதீர்கள். காபியும் அப்படித்தான். பொழுது போகாமல் ஒரு நாள் ஐந்து டம்ளர், பால் கிடைக்காத மறுநாள் ஒன்றுமே இல்லை என்று இருந்தால், பழகிய காஃபின் கிடைக்காமலே ஒரு நாளைக்குள் தலைவலி வரும். இரண்டு டம்ளர் பழக்கம் என்றால் அதே நேரத்தில் அதே இரண்டு டம்ளர்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு மாத்திரையில் நடந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் மாத்திரையைத் தள்ளிப் போட்டேன். அட்டையில் ஆறுதான் பாக்கி, தீர்ந்தால் எப்படி வாங்குவது என்ற பயம். பொறுத்துப் பொறுத்து, வாந்தி வரும்போதுதான் போடுவேன். அது வேலையே செய்யாது. மைக்ரேன் முற்றும்போது வயிறு மந்தமாகிவிடும். உள்ளே போன மாத்திரை ரத்தத்தில் சேரத் தாமதமாகும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வலி லேசாக இருக்கும்போதே போட்டால்தான் பலன்.

பிறகு தன்னார்வலர் தம்பி ஒருவர் தகரத்துக்கு மேலே கை நீட்டி நான்கு அட்டை வாங்கிக்கொடுத்தார். அப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். வலி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஒன்று, தூங்கப் போகுமுன் ஒன்று. தனிமை முடிந்தும் அது நிற்கவில்லை. செப்டம்பரில் தினமும் காலையில் தலைபாரத்தோடு எழுந்தேன். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், மாத்திரை போட்ட தேதியையெல்லாம் மகள் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். ஜூலையில் 17, ஆகஸ்டில் 22.

வலி மாத்திரையே வலிக்குக் காரணமாவது உண்டு. ஏற்கெனவே தலைவலி உள்ளவர்கள் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் இந்த நிலை வரலாம். மைக்ரேனுக்கென்று தரும் சுமாட்ரிப்டான் வகை, எர்கோட்டமின் கலந்தவை, பாராசிட்டமாலோடு காஃபின் சேர்த்த கூட்டு மாத்திரைகள் இவற்றுக்கு 10 நாள்தான் எல்லை. எண்ண வேண்டியது மாத்திரையை அல்ல, நாட்களை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு வட்டம்தான். வட்டம் எட்டைத் தாண்டுகிறது என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். வலி வராமலிருக்கத் தினமும் சாப்பிடும் தடுப்பு மாத்திரை தேவைப்படலாம்.

ஏற்கெனவே தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டு முடிந்துவிட்டது என்று தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக ப்ரோப்ரனலால். அதைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுப் படபடப்பு வரும், ரத்த அழுத்தம் ஏறும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. போனிலும் வீடியோவிலும் பார்த்து மருந்து எழுதித்தர மருத்துவர்களுக்கான நெறிமுறை 2020 மார்ச் 25-லேயே வந்துவிட்டது. அரசின் இ-சஞ்சீவனி என்ற இணையச் சேவையில் வீட்டிலிருந்தே இலவசமாக மருத்துவரிடம் பேசலாம். இது தெரியாமல் மூன்று மாதம் கஷ்டப்பட்டேனே என்று இன்றும் ஆறவில்லை. 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

வாட்ஸ்அப் வதந்திக்காக மருந்தை மாற்றுவது இன்னொரு தவறு. கொரோனா காலத்தில் இபுப்ரோஃபென் போட்டால் நோய் முற்றும் என்று 2020 மார்ச்சில் ஒரு பேச்சு கிளம்பியது. அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சில நாளிலேயே தெளிவுபடுத்தியது. அந்தத் தகவல் மட்டும் எங்கள் குடும்பக் குழுவுக்கு வரவே இல்லை.

வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் பிளீச்சிங் பவுடர், தரையில் ஃபினாயில், கையில் சானிடைசர், சாயங்காலம் சாம்பிராணி, ராத்திரி நொச்சி இலை போட்டு ஆவி. ஜன்னலையும் சாத்திவிட்டால் வாடையே வலியைக் கிளப்பிவிடும். கைக்கு வாசனையில்லாத சோப்பும் தண்ணீரும் போதும். தரை துடைக்கிற நேரத்தில் மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ போய்விடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெயில் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் சென்னைப் புழுக்கத்தில் உடம்பு நீரை இழந்துகொண்டேதான் இருக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டாரிடம் சொல்லாமல் மறைப்பதும் கூடாது. நான் கண்ணை மூடிக்கொண்டே சாம்பார் தாளித்த நாட்கள் உண்டு. ஒரு நாள் மாமியாரை உட்கார வைத்து, இது சாதாரணத் தலைவலி இல்லை, மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது என்று சொன்னேன். அன்று மதியம் அவரே சாமி அறைக் கதவைச் சாத்தி, குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, வெண்கலப் பானையில் சோறு வடித்தார். விசில் சத்தம் எனக்கு ஆகாது என்று அவராகவே யோசித்திருக்கிறார்.

கடைசியாக, எல்லாத் தலைவலியும் மைக்ரேன் என்று நினைத்துவிடாதீர்கள். தலைவலி கொரோனாவின் அறிகுறியும்கூட. காய்ச்சல், உடம்பு வலி, வாசனை தெரியாமை சேர்ந்திருந்தால் பரிசோதனை செய்யுங்கள். நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி, இவற்றுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குத் தொற்றுக்குப் பிறகு ஒரு பக்க முகவீக்கமோ மூக்கிலிருந்து கறுப்பாகக் கசிவோ இருந்தால் கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம், 2021-இல் அதைப் பார்த்தோம். அன்று கதவில் ஸ்டிக்கர் இருந்ததுகூட ஆஸ்பத்திரிக்குப் போகத் தடை அல்ல. பேச்சுக் குழறலோ கை கால் இழுப்போ தெரிந்தால் உடனே 108-ஐ அழைத்து, வீட்டில் யாராவது தொற்றால் தனிமையில் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் அதற்கேற்ற பாதுகாப்போடு வருவார்கள்.