வெளியே கன்றிய தடம், உள்ளே கிழிந்த குடல்: பயிற்சி மருத்துவர்களுக்கு

ஓசூர் சாலையில் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் வயிற்றில் இடித்துப் பலர் பெங்களூரு மருத்துவமனைகளுக்கு இரவில் வருகிறார்கள். தோலில் ஒரு கன்றிய தடம்தான் இருக்கும். "வலி குறைந்துவிட்டது டாக்டர், வீட்டுக்குப் போகலாமா?" என்று தமிழில் கேட்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் சுவாசமும் ரத்த ஓட்டமும். சிரையில் இரண்டு பெரிய ஊசிக்குழாய்கள் போடுங்கள், ரத்தப் பிரிவு அறிய மாதிரி அனுப்புங்கள். ரத்த அழுத்தம் சரிந்து, அல்ட்ராசவுண்டில் வயிற்றுக்குள் திரவமும் தெரிந்தால் சி.டி. ஸ்கேன் வேண்டாம், நேரே அறுவை அரங்கு.

நிலை சீராக இருந்தால், அடிபட்ட விதத்தைக் கேளுங்கள். ஹேண்டில்பார் குத்தினால் முதுகெலும்புக்கு எதிராக முன்சிறுகுடல் (இரைப்பையை அடுத்த பகுதி, டியோடினம்) நசுங்கலாம். சீட் பெல்ட் தடம் இருந்தால் சிறுகுடலையும் முதுகெலும்பையும் சந்தேகியுங்கள். வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வலி குத்தியதா என்றும் கேளுங்கள். வயிற்று உறை (உறுப்புகளைச் சுற்றியுள்ள சவ்வு, பெரிட்டோனியம்) அழன்றிருப்பதற்கு அது நல்ல தடயம். நோயாளியின் தாய்மொழியில் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

அடுத்தது சி.டி. வெளியேறிய காற்று, கல்லீரலும் மண்ணீரலும் நலமாக இருந்தும் தேங்கிய திரவம், தடித்த குடல் சுவர் ஆகியவற்றைத் தேடுங்கள். ஆனால் முதல் சில மணி நேரங்களில் சி.டி. சுத்தமாகவே தெரியலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஆகவே, சந்தேகம் இருக்கும்வரை நோயாளியைப் படுக்கையில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, முடிந்தால் அதே மருத்துவரே வயிற்றைத் தொட வேண்டும். நாடித்துடிப்பு ஏறுவது, வலி பரவுவது, வயிறு இறுகுவது, ரத்தத்தில் வெள்ளணுக்களும் லாக்டேட்டும் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் பொருள்) கூடுவது எல்லாம் எச்சரிக்கைகள். வலி மருந்தைத் தாராளமாகக் கொடுங்கள். அது அறிகுறியை மறைத்துவிடும் என்பது பழைய பயம். முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளிக்கு ஆபத்து. சந்தேகம் வலுத்தால் மூத்த அறுவை மருத்துவரை எழுப்பத் தயங்காதீர்கள்.

அறுவைக்கு முன் ஆண்டிபயாடிக், மூக்கு வழியே இரைப்பைக்குள் செல்லும் ரைல்ஸ் குழாய், சிறுநீர்க் குழாய். சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் கசிந்தால் குழாயைக் கண்மூடித்தனமாக நுழைக்கக் கூடாது.

உள்ளே முதலில் ரத்தக்கசிவை நிறுத்துவார்கள், பிறகு மலக்கசிவை. முன்சிறுகுடல் முடிவிலிருந்து மலக்குடல் வரை குடலைக் கையால் நகர்த்தி முழுதும் பார்ப்பார்கள். இரைப்பையின் பின்புறத்தையும் விடமாட்டார்கள். சுற்றளவில் பாதிக்குக் குறைவான கிழிசலைக் குறுக்காகத் தைப்பார்கள். அதற்கு மேல் கிழிந்தாலோ ரத்த ஓட்டம் போனாலோ அந்தப் பகுதியை வெட்டி இணைப்பார்கள். நோயாளி குளிர்ந்து ரத்தம் உறையாமல் போனால் கசிவை மட்டும் அடைத்துவிட்டு, 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் திறப்பார்கள்.

சிறுநீர்ப்பை வயிற்று உறைக்குள் கிழிந்தால் தையல் தேவை. உறைக்கு வெளியே என்றால் பெரும்பாலும் 10 முதல் 14 நாள் குழாயே போதும்.

வீட்டுக்கு அனுப்பும்போது, காய்ச்சல், வாந்தி, வயிற்று உப்பல் வந்தால் உடனே 108-ஐ அழைக்கும்படி குடும்பத்தாரிடம் அவர்கள் மொழியில் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுங்கள்.