புதிய தத்துப்பூச்சியா? பெயர் வைக்கும் முன் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சோழவந்தான் பக்கம் வயலோரமாக இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கை ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் துணியெல்லாம் செடிச்சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள். அவற்றில் ஒன்று இதுவரை பார்க்காத கோடும் புள்ளியுமாக இருந்தால் மனசு துள்ளும். பலரும் வழுக்குவது அங்கேதான்.

முதலில் பூச்சியின் காலைப் பாருங்கள். நெல்லைக் கருக்கும் புகையானும் இதேபோல்தான் தத்தும். ஆனால் அதன் பின்காலில் அசையும் முள் ஒன்று பெரிதாக நிற்கும். தத்துப்பூச்சிக்குப் பின்காலின் நீளத்துக்கும் வரிசை வரிசையாகச் சிறு முட்கள் இருக்கும்.

பெரிய தவறு, நிறத்தை நம்புவது. நெல்லின் பச்சைத் தத்துப்பூச்சியில் ஆணுக்கு இறக்கை நுனி கறுப்பு. பெண்ணுக்குப் பெரும்பாலும் அப்படி இருக்காது. தெரியாதவர் இரண்டையும் இரண்டு இனம் என்று எழுதிவிடுவார். நானும் தொடக்கத்தில் இரண்டு பெண் பூச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு "புதிது" என்று வாரக்கணக்கில் படம் வரைந்திருக்கிறேன். அத்தனையும் வீண். பெரும்பாலான தத்துப்பூச்சிகளில் இனத்தைப் பிரித்துக் காட்டுவது ஆணின் வயிற்றுக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். வயிற்றை மட்டும் மெல்லக் கழற்றி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, தண்ணீரில் கழுவி, கிளிசரினில் வைத்துப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! கிளிசரின் உள்ள சின்னக் குப்பியில் இட்டு, அதே பூச்சியைக் குத்தி வைத்த ஊசியிலேயே கோத்து வையுங்கள். நாளை உங்கள் முடிவைச் சந்தேகிப்பவருக்கு அதுதான் சாட்சி.

அப்புறம், பழைய பெயர்களைத் தேடாமல் விடுவது. திருமங்கலம், பேரையூர் கரிசலில் பருத்தி இலையைச் சுருட்டிச் சிவக்கவைக்கும் பூச்சியை 1918இல் ஆங்கிலப் பூச்சியியலாளர் டிஸ்டன்ட் 'டெவாஸ்டன்ஸ்' என்றார். அதே பூச்சிக்கு 1913லேயே 'பைகுட்டுலா' என்ற பெயர் இருந்தது. முந்தியதே நின்றது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தத்துப்பூச்சி இனங்களுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. உங்கள் பூச்சி வேறு நாட்டில் வேறு பெயரோடு இருக்கலாம். பழைய விவரிப்புகள் பலவற்றில் நிறம் மட்டுமே இருக்கும். ஆகவே பழைய பெயர் எந்தப் பூச்சியை வைத்துச் சூட்டப்பட்டதோ அந்த மூல மாதிரியையோ அதன் படத்தையோ பார்க்காமல் "இது வேறு" என்று எழுதாதீர்கள்.

பூச்சியோடு வைக்கும் சீட்டில் வெறுமனே 'மதுரை' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். வாடிப்பட்டி வட்டம், சோழவந்தான், வெற்றிலைக் கொடிக்கால் ஓரம், பிடித்த நாள், பிடித்தவர், எந்தச் செடி, வலையா விளக்கா என்று எழுதுங்கள். அந்தச் செடியின் பெயர் தெரியாவிட்டால் ஒரு கிளையை ஒடித்து அழுத்திக் காயவைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு வந்த பூச்சி எதைத் தின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

2000ஆம் ஆண்டு முதல், எது ஹோலோடைப் (புதிய பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) என்றும் அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்றும் கட்டுரையில் தெளிவாகச் சொல்லாவிட்டால் விலங்கியல் பெயரிடல் விதிப்படி அந்தப் பெயர் செல்லாது. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் இருக்கிறது: புதிய இனத்தைக் கண்டவர் அரசு குறித்துள்ள காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். வீட்டு அலமாரியில் அந்த மாதிரியை வைத்திருக்கக் கூடாது.