தருமபுரியில் பாடலாசிரியர்களின் வட்ட அரங்கு அமைக்கும் முறை

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982இல் தொடங்கப்பட்ட, ஏறத்தாழ 90 பேரே அமரக்கூடிய புளூபேர்டு கஃபேயில், நாட்டுப்புற வேர் கொண்ட கன்ட்ரி இசைப் பாடலாசிரியர்கள் சிலர் அறையின் நடுவே ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்ந்து, தாங்கள் எழுதியதை முறைவைத்துப் பாடுகிறார்கள். தருமபுரியில் இதைச் செய்ய மேடை தேவையில்லை; ஒரு சிறு கூடம் போதும்.

நான்கு நாற்காலிகளை நடுவில் வட்டமாகப் போட்டு, சுற்றிலும் பார்வையாளர்களை அமர்த்துங்கள். ஒலிபெருக்கிகளை மைக்குகளின் முகத்துக்கு எதிரே வைத்தால், மைக் வாங்கிய ஒலியே திரும்பத் திரும்பப் பெருகி வீறிடும். வட்ட அமைப்பில் இந்தத் தொல்லை கூடுதல் என்பதால், ஒலியளவைக் குறைத்து, மைக்கை வாயருகே வைத்துக்கொள்வதே நல்லது. பறைக்கும் உடுக்கைக்கும் மைக்கே வேண்டாம். சிறு கூடத்தில் அவை சொற்களை விழுங்கிவிடும், வந்தவர்களோ சொற்களைக் கேட்கவே வந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன், அது பிறந்த கதையைப் பாடலாசிரியர் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லட்டும். என் கணிப்பில், கூட்டம் பாதி இதற்காகவே வரும். தெருக்கூத்துப் பாடகர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதானால் அவரைக் கடைசி முறைக்கு வையுங்கள், அவர் குரலுக்குப் பின் மற்றவர் பாடுவது கடினம்.

மா அறுவடைக் காலத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள். அரூர், பென்னாகரம் பக்கத்தினர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், நேரத்தோடு முடித்துவிடுங்கள்.