பழைய மாருதி 800: பிரேக் லைட் சுவிட்சை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பிரேக் லைட் எரியாவிட்டால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வண்டி நிற்கும், பெடலும் வழக்கம்போலவே இருக்கும். பின்னால் பைக்கில் வருபவருக்குத்தான் நாம் நிற்கப்போவது தெரியாமல் போகும். எங்கள் வீட்டு 1998 மாருதி 800இல் இதைக் கவனித்துச் சொன்னவர் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்கார அண்ணன். "சார், பிரேக் லைட் ரெண்டும் எரியல" என்றார். எத்தனை நாளாக அப்படி ஓட்டினேன் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

பெடலுக்கு மேலே பிரேக் லைட் சுவிட்ச் உள்ள பழைய கார்கள் பலவற்றுக்கும் கீழே சொல்லும் முறைதான். பழைய அம்பாசிடர்கள் பலவற்றில் சுவிட்ச் பிரேக் ஆயில் லைனிலேயே திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் காற்று புகுந்துவிடும், ப்ளீடிங் செய்து, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றி, ஆக வேண்டும். புதியவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

முதலில் சந்தேகம் தீர

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? பல்பையோ ஹோல்டரின் எர்த்தையோ பாருங்கள். பின் விளக்கில் இருப்பது 21/5 வாட் இரட்டை இழை பல்ப். 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஒன்று எரிவதால் மற்றதும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் எரியாவிட்டால் பியூஸ், அடுத்து சுவிட்ச்.

பெடலை விட்ட பிறகும் லைட் அணையவில்லை என்றாலும் சுவிட்ச் பக்கம்தான் கோளாறு. இரண்டு 21 வாட் பல்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.5 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஒரே இரவில் காலி செய்ய அது போதும்.

சுவிட்சைச் சோதிப்பது

ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளி, டார்ச்சோடு தலையை டேஷ்போர்டுக்குக் கீழே நுழையுங்கள். பிரேக் பெடலின் கை மேலே போகும் இடத்தில், இரண்டு வயர் செருகிய சிறிய சுவிட்ச் தெரியும். அதன் முனையில் ஒரு குச்சி இருக்கும். பெடல் மேலே இருக்கும்போது குச்சி உள்ளே அமுங்கி, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் குச்சி வெளியே வரும், உள்ளே தகடுகள் சேரும், லைட் எரியும்.

கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு துளைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். வயரின் செம்பு காரின் உடம்பில் பட்டால் பியூஸ் போய்விடும், கவனம். சாவி ஆனில் இருக்கட்டும். இப்போது லைட் எரிந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். எரியாவிட்டால் சுவிட்ச் வாங்கிப் பயனில்லை, வயரைத் தேடுங்கள்.

லைட் அணையாத வண்டியில், பெடலின் கையில் குச்சி முட்டும் இடத்தைப் பாருங்கள். சில கார்களில் அங்கே ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். வயதாகி அது உதிர்ந்து தரைவிரிப்பில் துகளாகக் கிடந்தால் சுவிட்சில் பழுதில்லை. குமிழை மட்டும் மாற்றுங்கள்.

கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சுவிட்ச் கனெக்டரும் கழன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருகும்போது வயர் முறுக்கிக்கொள்ளும். சுவிட்சை நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், புதியதை அதே அளவுக்கு ஏற்றலாம்.

பழையதைப் பிரித்து உப்புத்தாளால் கார்பனைத் தேய்த்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நான் அதைச் சொல்லமாட்டேன். தேய்ந்த தகடு மறுபடி கருகும், அது எந்த நாளில் என்று நமக்குத் தெரியாது. விலை குறைந்த பொருள்தான், புதிதாகவே வாங்குங்கள். கடைக்குப் பழையதையும் கொண்டுபோனால் திருகின் அளவும் முனையும் ஒத்துப்பார்க்கலாம்.

பொருத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

புதியதைத் திருகுங்கள். பெடலை மேலே இழுத்துப் பிடித்தபடி, சுவிட்சின் மரை முடியும் இடத்துக்கும் பெடல் தகட்டுக்கும் நடுவே 0.5 முதல் 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இல்லையா? ஹாக்சா பிளேடு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் கனம். அது லேசாக நுழைந்து வந்தால் சரி.

அதிகமாக உள்ளே திருகினால் சுவிட்சே பெடலைக் கீழே தள்ளிப் பிடிக்கும். பெடல் முழுதாக மேலே வராது. பெடல் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை மூடியே இருந்து, கால் எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் முறை நான் செய்த தவறு இதுதான். லைட் எரிந்த சந்தோஷத்தில் ஓட்டிக்கொண்டு போனேன், ஐந்து கிலோமீட்டரில் சக்கரம் சுட்டது. லாக் நட்டை இறுக்கிய பிறகு பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். பழைய தளர்வு அப்படியே இருக்க வேண்டும்.

பேட்டரியை இணைத்து, இருட்டியதும் வண்டியின் பின்புறத்தைச் சுவர் பக்கம் நிறுத்துங்கள். பெடலில் லேசாகக் கால் வைத்தாலே கண்ணாடியில் சிவப்பு தெரிய வேண்டும், பிரேக் பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. காலை எடுத்தால் உடனே அணைய வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் லாக் நட்டில் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அதிர்வில் தளர்ந்திருந்தால், பிளேடை வைத்து இடைவெளியைச் சரிபார்த்தே இறுக்குங்கள்.