புதுக் குட்டி வந்த வீட்டில் பெரிய நாயிடம் நாம் செய்யும் தவறுகள்

பள்ளிக்கூட லீவு விட்டதும் சேலத்தில் நிறைய வீடுகளுக்குப் புதுக் குட்டி வந்துவிடுகிறது. பிள்ளைகள் அடம் பிடித்தார்கள், சொந்தக்காரர் வீட்டு லாப்ரடார் குட்டி போட்டது, ரோட்டோரம் கிடந்த நாட்டுக்குட்டியை விட்டுவர மனசில்லை என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். கொஞ்ச நாளில் எனக்குப் போன் வரும். "அண்ணா, குட்டி பரவாயில்லை. பெரியவன்தான் கெட்டுப்போயிட்டான்." வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாத நாய் இப்போது சோபா காலில் மூத்திரம் போகிறது, உறுமுகிறது, கூப்பிட்டால் வருவதில்லை.

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை என்பதால் இந்தப் போன்கள் வருடா வருடம் வருகின்றன. தவறுகளும் மாறுவதில்லை. குட்டிக்கு என்ன சாப்பாடு, எங்கே படுக்கை என்பதெல்லாம் எல்லோரும் விசாரித்துத்தான் செய்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். பெரிய நாயின் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரிகிற தவறுகள் சில இருக்கின்றன.

வந்த கையோடு மூக்கோடு மூக்கு வைப்பது

குட்டியைக் கையில் ஏந்தி, "பாருடா, உனக்குத் தம்பி வந்திருக்கான்" என்று பெரிய நாயின் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். வாசல் குறுகலாக இருக்கும், சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். விலகிப்போக அதற்கு வழியே இருக்காது.

இரண்டையும் வீட்டுக்கு வெளியே பொதுவான இடத்தில் பழக்க வேண்டும் என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் ஊசி முடியாத குட்டியை மூக்கனேரிக் கரையிலோ தெருமுனையிலோ இறக்கிவிடக் கூடாது. குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும். குட்டிக்கான ஊசிகளோ ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை நீளும். அதனால் வேற்று நாய் ஏறாத மொட்டை மாடி நல்லது. குட்டி படுத்த துணியை முதல் நாளே கொண்டுவந்து பெரிய நாய் மோந்து பார்க்கட்டும். குட்டி வரும் அன்று பெரிய நாயை நன்றாக நடக்கவைத்து, அப்புறம் மாடிக்குக் கூட்டி வாருங்கள். கயிறு தொய்வாக இருக்கட்டும். மோந்துவிட்டுத் திரும்பிப் போனால் போக விடுங்கள். முதல் நாளைக்கு அது போதும்.

வீட்டுக்குள் மூத்திரம் போன பெரிய நாயை அடிப்பது

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நல்ல நாய்கள் வீட்டை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழகாபுரத்தில் ஒரு வீடு. ஆறு வயது பெண் லாப்ரடார். மழை நாளில்கூடக் கதவருகே வந்து நின்று கூப்பிடும், வெளியே விட்டால்தான் போகும். குட்டி வந்த சில நாளில் ஹாலில் ஒரு குட்டை தேங்கியிருந்தது. "பொறாமை, வேணும்னே பண்ணுது" என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். மூக்கைத் தரையில் வைத்துத் தேய்த்து, செய்தித்தாளைச் சுருட்டி அடித்தார். அடுத்து அது சோபாவுக்குப் பின்னால் போனது. அதற்கும் அடி. அப்புறம் கட்டிலுக்கு அடியில். கடைசியில் காலையில் வெளியே கூட்டிப் போனாலும், கயிறு அவர் கையில் இருக்கிற வரை காலை மடக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போனதும் கட்டிலுக்கு அடியில் போனது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த நாய்க்கு அடி சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: இந்த மனிதர் பார்க்கும்போது மூத்திரம் போனால் ஆபத்து. வீட்டுக்குள் போகக் கூடாது என்பது அதற்குப் போய்ச் சேரவே இல்லை. முன்பே நடந்துவிட்ட ஒன்றுக்கு இப்போது விழும் அடியை நாயால் அதோடு சேர்த்துப் பார்க்க முடியாது. "தப்புப் பண்ணது அதுக்கே தெரியுது, முகத்தைப் பாருங்க" என்பார்கள். காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலை ஒடுக்கும் அந்த முகம் நம் கோபத்தைப் பார்த்து வருவது. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்னக் கூடாது என்று வைத்த பண்டத்தைத் தின்ற நாய், தின்னாத நாய் என்ற வேறுபாட்டுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை. திட்டு வாங்கிய நாய்கள்தான் அப்படிப் பார்த்தன, தப்பே செய்யாதவையும் சேர்த்து.

சரி, அந்த வீட்டில் உண்மையில் என்ன நடந்தது? குட்டிக்காக ஹாலின் மூலையில் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். மூத்திரம் தாளைத் தாண்டிப் பழைய மொசைக் தரையில் ஊறியிருந்தது. தினமும் பினாயில் போட்டுத் துடைத்தார்கள். பினாயில் வாசனை நம் மூக்கை ஏமாற்றும். நாய்க்கு அடியில் இருக்கும் மூத்திர வாசனை அப்படியே தெரியும், இங்கே போகலாம் என்றுதான் அதற்குப் பொருள். கூடவே, விடியும் முன் நடந்த வாக்கிங், குட்டி ராத்திரியெல்லாம் எழுப்பியதால் ஏழு மணிக்குத் தள்ளிப் போயிருந்தது. பழகிய நேரத்தில் கதவருகே வந்து நின்ற நாயை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் கோபத்தை விட்டுவிட்டு ஈரத்தைப் பாருங்கள். சோபா கால், கதவு நிலை, குட்டியின் படுக்கை ஓரம் என்று செங்குத்தாக நிற்கும் பொருளில் கொஞ்சமாக இருந்தால், அது தன் இடம் என்று வாசனை வைக்கிறது. புதியவர் வந்த கலவரத்தில் ஆண், பெண் இரண்டும் இதைச் செய்யும். தரையில் பெரிய குட்டையாக இருந்தால் அடக்க முடியாமல் போயிருக்கிறது, உங்கள் நேரம் தவறியிருக்கிறது. உங்களைப் பார்த்ததும் உடம்பைத் தாழ்த்தி நாலு சொட்டு விட்டால் அது பயம். தூங்கி எழுந்த இடம் நனைந்திருந்தாலோ, அடிக்கடி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடித்தாலோ பயிற்சிக்காரரைக் கூப்பிட வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள். பெண் நாய்களுக்கு மூத்திரத் தொற்று சாதாரணமாக வரும். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் நாய்க்கும் உண்டு. குட்டி வந்த அதே வாரத்தில் நோய் வந்தால் பழி குட்டிமேல் விழுந்து, வைத்தியம் தள்ளிப் போகும்.

தரையைக் கழுவுவதிலும் முறை இருக்கிறது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாய்ப் பொருட்கள் விற்கும் கடையில், மூத்திர வாசனையையே சிதைக்கும் என்சைம் கிளீனர் கேட்டு வாங்கி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டுத் துடையுங்கள். அதற்கு முன்னால் பினாயில் ஊற்றினால் என்சைம் ஒழுங்காக வேலை செய்யாது. வினிகர் கலந்த தண்ணீர் டைல்ஸுக்குப் பரவாயில்லை. மொசைக், மார்பிள் தரையில் ஊற்றினால் பாலிஷ் போய்விடும். பிளீச்சிங் கரைசலை மூத்திரத்தின்மேல் நேராக ஊற்றவே கூடாது, கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுத் தரையோரமாகப் பிடியுங்கள், காய்ந்த இடம் மங்கலாக ஒளிரும். அழகாபுரம் வீட்டில் அப்படிப் பார்த்தபோது சோபாவுக்குப் பின்னால் சுவரோரம் முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

அப்புறம் பெரிய நாயின் பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். விடிகாலையில் முதலில் அதுதான் வெளியே போக வேண்டும், குட்டி இல்லாமல் தனியாக. போன அந்த நொடியில், அந்த இடத்திலேயே, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கூலி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் கொஞ்ச நாளைக்கு நம் கண் பார்வையிலேயே இருக்கட்டும், தேவைப்பட்டால் நீளக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே உட்காரப் போனால் கத்தாமல் எழுப்பி வெளியே நடத்துங்கள். அடித்த ஆள் கயிறு பிடிப்பதையும் சிறிது காலம் நிறுத்த வேண்டும். அந்த வீட்டில் அம்மாதான் நடக்கவைத்தார். அவர் கையில் கயிறு வந்ததும் தெருமுனை வேப்பமரத்தடியில் அந்த நாய் வெகு நேரம் உட்கார்ந்தே இருந்தது, அவ்வளவு அடக்கி வைத்திருந்தது. வீட்டுக்காரர் கயிறு பிடிக்கும்போதும் காலை மடக்க அதற்கு ரொம்ப நாள் ஆனது.

பெரிய நாயே குட்டிக்குக் கற்றுக்கொடுத்துவிடும் என்று விடுவது

கொஞ்சம் கற்றுக்கொடுக்கும். ஆனால் இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது நாம்தான். விட்டுவிட்டால் ஹாலிலும் போகலாம் என்று பெரிய நாய்தான் குட்டியிடம் கற்றுக்கொள்ளும்.

உறுமினால் அதட்டுவது

உறுமல் எச்சரிக்கை. "கிட்ட வராதே, எனக்குப் போதும்" என்று கடிக்காமல் சொல்லும் வழி. அதட்டி அதட்டி அதை அடக்கினால் எரிச்சல் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அப்புறம் "திடீர்னு கடிச்சிருச்சு" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

உறுமலுக்கு முன்பே அது சொல்லத் தொடங்கியிருக்கும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உடம்பு விறைத்து ஒரு நொடி அசையாமல் நிற்கும். அப்போதே குட்டியைத் தூக்கிவிடுங்கள். பெரிய நாய் ஏறிப் படுக்க ஒரு திவான், அல்லது குட்டி நுழைய முடியாதபடி தடுப்பு வைத்த ஒரு அறை கட்டாயம் வேண்டும். வயதான நாய் என்றால் மூட்டு வலியும் இருக்கும், அதன்மேல் குட்டி குதித்தால் உறுமாமல் என்ன செய்யும்?

சாப்பாடு

தனித் தட்டு, தனி இடம், நடுவில் மூடிய கதவு.

ஊசி

குட்டிக்கு மட்டும் போடாதீர்கள். பெரிய நாயின் வெறிநாய்க்கடி ஊசிக்கு எப்போது தேதி என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

லீவுக்கு இரண்டையும் ஏற்காடு கூட்டிப் போவது

சேலம் வெயிலுக்குப் பயந்து மேலே வீடு வைத்திருப்பவர்கள், குட்டி வந்த அதே மாதம் இரண்டு நாயையும் காரில் ஏற்றிவிடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பின் சீட்டில் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, குட்டி வாந்தி எடுத்து, மேலே போய் இறங்கும்போது பெரிய நாய் ஏற்கெனவே சலித்துப் போயிருக்கும். குட்டியைக் கூடையில் வைத்து முன்னால் மடியில் வையுங்கள்.

வீட்டுப் பழக்கம் நாய்க்கு ஒரு வீட்டோடு ஒட்டியது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் சுத்தமாக இருக்கும் நாய், ஏற்காட்டு வீடும் வீடுதான் என்று தானாகத் தெரிந்துகொள்ளாது. போய் இறங்கியதும் உள்ளே விடாமல் முதலில் தோட்டத்தைச் சுற்றி நடத்துங்கள். முதல் சில நாளைக்குக் குட்டிக்குச் செய்வதுபோலவே அடிக்கடி வெளியே கூட்டிப் போங்கள். மழையும் பனிமூட்டமும் இருந்தால் சில நாய்கள் புல்லில் கால் வைக்காது; சுற்றி வந்துவிட்டு உள்ளே வந்து போகும். தகர ஷீட் போட்ட இடமோ கார் நிறுத்தும் கொட்டகையோ இருந்தால் அதன் ஓரத்தில் ஒரு சட்டி மண் கொட்டி அந்த இடத்தைக் காட்டுங்கள்.

காபித் தோட்டத்தில் திரிந்துவிட்டு வந்தால் இரண்டுக்கும் காது மடல், கழுத்து, விரல் இடுக்கு எல்லாம் விரித்து உண்ணி பார்க்க வேண்டும். பெரிய நாயின் உண்ணி மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று குட்டிக்குத் தடவிவிடாதீர்கள். அதன் அளவு எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும், எடையும் வயதும் சொல்லி டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். மருந்து தடவிய இடம் காய்கிற வரை, ஒன்றை ஒன்று நக்காதபடி தனித்தனி அறையில் வையுங்கள்.