சிகிஹோர் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸின் துமகெத்தே துறைமுகத்தில், சிகிஹோர் தீவுக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றிருந்தோம். நான் அழைத்துச் சென்ற குழுவிலிருந்த இளைஞர் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்து, "இன்னும் கொஞ்ச நேரத்தில் விட்ச் ஐலண்டில், சூனியக்காரிகளின் தீவில், கால் வைக்கப் போகிறோம்" என்று காணொளிக்காகப் பேசினார். எங்களுக்கு முன்னால் நின்ற சிகிஹோர்ப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் அவருக்கு நன்றாகவே புரிந்தது. திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, கையிலிருந்த ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைக் கடலின் பக்கம் திருப்பிக்கொண்டார். பல ஆண்டுகளுக்கு முன், என் முதல் பயணத்தில், ஏறத்தாழ அதே இடத்தில் நின்று அதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பணத்தைக் கையில் எடுத்துச் செல்வது, வெயிலுக்குத் தொப்பி அணிவது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தீ என்றதும் எரிமலையைத் தேடுவது

ஸ்பானியர்கள் இத்தீவுக்கு இஸ்லா டெல் ஃபுவேகோ, அதாவது நெருப்புத் தீவு என்று பெயரிட்டார்கள். ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் பயணக் குழு அருகிலுள்ள போஹோல் தீவில் முகாமிட்டிருந்தபோது, 1565இல், எஸ்தெபான் ரோட்ரிகெஸ் தலைமையில் ஒரு சிறு அணி சுற்றியுள்ள தீவுகளைப் பார்வையிடப் புறப்பட்டது. சிகிஹோர் ஸ்பானியர்களின் கண்ணில் பட்டது அப்போதுதான். இரவில் தீவு முழுவதும் மினுங்கியதால் அப்பெயர் வந்தது என்றும், மொலாவே மரங்களில் கூட்டம் கூட்டமாக மொய்த்த மின்மினிகளே அதற்குக் காரணம் என்றும் சொல்லப்படுகிறது. உள்ளூரில் அம்மரத்துக்குத் துகாஸ் என்று பெயர். தீவின் பழைய பெயரான கதுகாசான் அதிலிருந்து வந்ததுதான். நம் நொச்சியும் மொலாவேயும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அம்மரத்தின் மீது தனிப் பிரியம் ஏற்பட்டது. மரியா நகரத்தின் சலக்தூங் கடற்கரைக்குப் போகும் வழியில் மொலாவேக் காடு ஒன்று உள்ளது. வண்டியை நிறுத்தாமல் அதைக் கடந்துவிடாதீர்கள்.

இது எரிமலைத் தீவு அன்று, பவளப் பாறைத் தீவு. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, உழுத வயல்களில், பெருஞ்சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இடி மின்னலுக்கு நடுவே தீவு கடலிலிருந்து எழுந்தது என்று மக்கள் சொல்லும் கதையை, அந்த ஓடுகளில் ஒன்றைக் கையில் ஏந்தியபடி கேட்டால் வேறு விதமாக ஒலிக்கும்.

நெக்ரோஸின் ஒரு பகுதி என்று எழுதுவது

அண்டைத் தீவான நெக்ரோஸின் நிர்வாகத்திலிருந்து பிரிந்து, 1971 செப்டம்பர் 17 முதல் சிகிஹோர் தனி மாகாணம்.

மனனம்பலை மந்திரவாதி என்று அழைப்பது

மற்ற தவறுகளால் நேரம் வீணாகும், பணம் வீணாகும். இந்தத் தவறு இன்னொருவரைப் புண்படுத்துகிறது. ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் இதைச் செய்யும்போது எனக்கு இன்றும் பொறுக்க முடிவதில்லை.

மனனம்பல் என்பது தீவு மக்கள் பேசும் செபுவானோ மொழிச் சொல். தம்பல் என்றால் மருந்து. மருந்து கொடுப்பவர் மனனம்பல். மருந்திலிருந்து மருத்துவர் என்ற சொல்லை உண்டாக்கிக்கொண்ட நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் எந்தச் சிரமமும் இருக்கக் கூடாது. பிறருக்குத் தீங்கு விளைவிக்கும் செய்வினைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு: பராங். அப்படி ஒன்று உண்டு என்று நம்புபவர்கள் தீவில் இருக்கிறார்கள். வசிய மருந்து என்று குட்டிப் புட்டிகளை விற்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் பராங் வைத்துவிட்டார்கள் என்று அஞ்சுபவர் தேடி ஓடுவதே மனனம்பலின் வீட்டுக்குத்தான். இரண்டையும் ஒன்றாக்குவது, நோயையும் வைத்தியரையும் ஒன்றாக்குவது போன்றது.

என் முதல் பயணத்தில், மலைப்பகுதியிலுள்ள சான் அந்தோனியோ கிராமத்தில், வயதான மனனம்பல் ஒருவரின் வீட்டுக்கு எங்கள் ஓட்டுநர் எங்களை அழைத்துச் சென்றார். என் நண்பருக்குத் தோள்பட்டை வலி. அந்த அம்மையார் கண்ணாடிக் குவளையில் சுத்தமான நீரை ஊற்றி, சிறிய கருங்கல் ஒன்றை அதில் இட்டார். மெல்லிய மூங்கில் குழலால் நீருக்குள் ஊதியபடியே குவளையை நண்பரின் தோளிலும் முதுகிலும் நகர்த்திக்கொண்டு போனார். குமிழிகளின் சத்தத்தைத் தவிர அறையில் வேறு ஒலி இல்லை. நீர் கலங்கியது. அதைக் கொட்டிவிட்டுப் புதிய நீர் ஊற்றி மீண்டும் ஊதினார். நீர் தெளிவாகவே நிற்கும் வரை அதைத் தொடர்ந்தார். போலோ போலோ என்பது இதுதான். காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் ஒரு முதியவர் முழுக் கவனத்தையும் முன்பின் அறியாத ஒருவரின் தோள் மீது வைத்திருந்த அந்த அரை மணி நேரத்தை என்னால் அற்பமாகப் பேச முடியாது.

அவர் முடித்ததும் நான் ஓட்டுநரிடம், "லோலா (பாட்டி) யாருக்காவது செய்வினை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், வசிய மருந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள்" என்றேன். ஓட்டுநர் தயங்கினார். நான் வற்புறுத்தியதால் கேட்டார். அந்த அம்மையார் பதில் சொல்லாமல் கல்லைக் கழுவித் துடைத்து, சிறு துணிப்பையில் இட்டு, அதன் வாயைச் சுருக்கிக் கட்டினார். பிறகு ஓட்டுநரிடம் இரண்டே சொற்கள் சொன்னார். "லோலா களைத்துவிட்டாராம் சார், புறப்படலாம்" என்றார் ஓட்டுநர்.

அந்தப் பயணத்தையே நான் புனித வாரத்துக்காகத் திட்டமிட்டிருந்தேன். தவக்காலத்தின் ஏழு வெள்ளிக்கிழமைகளில் காட்டிலும் கடற்கரையிலும் மூலிகை, வேர், பட்டை ஆகியவற்றைச் சேகரிக்கும் மனனம்பல்கள், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையன்று அவற்றைப் பெரிய கொப்பரையில் இட்டுக் காய்ச்சுகிறார்கள். கத்தோலிக்கச் செபமும், ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த தாவர அறிவும் ஒரே அடுப்பில் வேகும் அந்த நாளில் அருகே அமர்ந்து பார்க்க அந்த அம்மையார் ஓட்டுநர் வழியாக முன்பே சம்மதித்திருந்தார். என் ஒரு கேள்வியால் அச்சம்மதம் போயிற்று. மீண்டும் விடுப்பும் பணமும் சேர்த்துக்கொண்டு வர எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அப்போது அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

மலையிறங்கும்போது ஓட்டுநர் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், செபு தீவில் வீட்டு வேலை செய்த தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். அவர் சிகிஹோர்க்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து, அவர் சமைத்ததை அந்த வீட்டார் உண்ண மறுத்தார்களாம். ஸ்பானியப் பாதிரிமார்கள் பழைய பூசாரிப் பெண்களான பபைலான்களைச் சூனியக்காரிகள் என்று முத்திரை குத்திய காலத்திலிருந்து தொடரும் பழி, ஒரு பெண்ணின் சமையலறை வரை வந்து நிற்கிறது. "சூனியத் தீவு" என்று தலைப்பிட்டுக் காணொளி வெளியிடுபவர் அந்தப் பழியில் தன் பங்கையும் சேர்க்கிறார்.

ஆகவே, மனனம்பலின் வீட்டுக்குச் செல்வதானால், உண்மையாகவே ஏதேனும் உடல் உபாதை இருந்தால் செல்லுங்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். தலையசைப்பு வரவில்லையென்றால் கருவியைப் பைக்குள் வையுங்கள். கட்டணம் எவ்வளவு என்று பேரம் பேசாதீர்கள். பெரும்பாலும் மனமுவந்து கொடுப்பதைத்தான் பெற்றுக்கொள்கிறார்கள், அதை மரியாதையான தொகையாகக் கொடுங்கள். என்ன மூலிகை, எந்தப் பருவத்தில் எடுப்பது, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் பேச்சு தானாக வளரும்.

லசியில் பத்து நிமிடம் நிற்பது

லசி நகரத்தின் புனித இசிதோர் ஆலயத்தை வெளியிலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே அருவிக்குக் கிளம்புகிறார்கள். அகுஸ்தீனிய ரெகோலெக்ட் துறவிகள் 1884இல் கட்டிய ஆலயம் அது. சாலைக்கு எதிர்ப்புறத்தில், முதிர்ந்த தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில், 1891இல் கட்டி முடிக்கப்பட்ட துறவியர் இல்லம் இருக்கிறது. கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். அவசரப்படாமல் கீழ்ச்சுவரின் அருகே சென்று பாருங்கள். அது பவளக் கல். வயலில் சிப்பியோடுகளாகக் கிடைக்கும் அதே பழைய கடல்தான் இங்கே சுவராக நிற்கிறது.

கம்புகஹாய் அருவிக்கு நண்பகலில் செல்வது

காலையில் செல்லுங்கள்.

ஒரே நாளில் தீவைச் சுற்றுவது

கரையோரச் சாலையின் நீளம் எழுபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் என்பதால் ஒரு நாள் போதும் என்று தோன்றும். சுற்றி வரலாம், ஆனால் நடுவிலுள்ள பந்திலான் மலைக்கும் சான் அந்தோனியோவுக்கும் நேரமே இருக்காது. குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள்.

கடைசி நாள் படகை நம்பி விமானச்சீட்டு எடுப்பது

புயல் எச்சரிக்கை வந்தால் கடலோரக் காவல் படை படகுகளை நிறுத்திவிடும். எந்தப் பயணிக்காகவும் அதைத் தளர்த்தமாட்டார்கள், தளர்த்தவும் கூடாது. துமகெத்தேயிலிருந்து உங்களுக்கு விமானம் இருந்தால், அதற்கு முந்தைய நாளே கடலைக் கடந்துவிடுங்கள்.