மெக்சிகோ பாணி லாகர் பீர்: டப்பா மால்ட்டிலிருந்து வீட்டில் தயாரிக்கும் முறை

குளிரில் நொதிக்கவைத்துச் சேமிக்கும் வகையான லாகரில், மெக்சிகோவின் வெளிர்மஞ்சள் பீரைக் குடித்துப் பார்க்கிறவர்களுக்கு, இதைத் தயாரிப்பதில் அப்படி என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்றே தோன்றும். மால்ட்டின் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) கனமோ, ஹாப்ஸ் பூக்களின் கடுங்கசப்போ, வறுத்த தானியத்தின் மணமோ அதில் இல்லை. ஆனால் வீட்டில் தயாரிப்பவருக்குச் சிரமத்தைத் தருவது அந்த இல்லாமைதான். காரக்குழம்பில் கைதவறி விழுந்த ஒரு சிட்டிகையைப் புளியும் மிளகாயும் மூடிவிடும். தெளிந்த ரசத்தில் அது அப்படியே நாக்கில் தெரியும். இந்த பீர் அந்த ரசத்தைப் போன்றது. கழுவுவதில் விட்ட குறையும், வெப்பம் ஏறவிட்ட ஒரு பகற்பொழுதும், அவசரப்பட்டுத் திறந்த ஒரு வாரமும் கோப்பையில் தெரிந்துவிடும். ஆகவே டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டு இரண்டே வரிகளில் கடந்துபோகும் இடங்களில் இந்தக் கட்டுரை அதிக நேரம் நிற்கும்.

இந்த பீரின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1841இல் வியன்னாவுக்கு அருகே ஆன்டன் டிரெஹெர் செம்பழுப்பு நிற லாகரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் மொழி பேசும் பீர்த் தொழிலாளர்கள் அந்த மரபையும், பிறகு பில்ஸ்னர் என்ற வெளிர்நிற லாகர் மரபையும் மெக்சிகோவுக்குக் கொண்டுசென்றார்கள். மான்டெர்ரே நகரில் குவாவ்டேமோக் ஆலை 1890இல் தொடங்கப்பட்டது. மெக்சிகோ நகரின் மொடேலோ ஆலை 1925இல் கொரோனாவை வெளியிட்டது. பார்லியோடு மக்காச்சோளத்தையும் சேர்த்துக் காய்ச்சும்போது பீரின் நிறமும் கனமும் குறைகின்றன. நாம் என்ன பொருள் வாங்க வேண்டும் என்பதை இந்தச் செய்தியே முடிவு செய்துவிடுகிறது என்பதால்தான் வரலாற்றை இங்கே சொன்னேன்.

தொடங்கும் முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வசிக்கும் மெல்பர்னில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். எனவே இந்த முறை, அனுமதி உள்ள நாடுகளில் வசிக்கும் வயதுவந்தவர்களுக்கு மட்டுமே. மெத்தனால் பற்றிய அச்சம் நம்மவர்களிடம் இயல்பாகவே உண்டு. கள்ளச்சாராயத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதில் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால்தான். மால்ட்டை ஈஸ்ட் நொதிக்கவைப்பதால் அப்படி ஆபத்தான அளவு மெத்தனால் உண்டாவதில்லை. ஆனால் நொதித்த பீரைக் காய்ச்சி வடிக்கும் வேலையை வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் உரிமம் இல்லாமல் அது குற்றமே.

இனி வாங்க வேண்டியவற்றைப் பார்ப்போம். ஹாப்ஸ் சேர்த்துக் கெட்டிப்பாகாக வற்றவைத்த மால்ட் சாறு டப்பாக்களில் கிடைக்கிறது. அடிலெய்டின் கூப்பர்ஸ் நிறுவனம் ‘மெக்சிகன் செர்வேசா’ என்ற பெயரிலேயே 1.7 கிலோ டப்பா ஒன்றை விற்கிறது. வேறு நிறுவனத்தின் டப்பாவானாலும் முதலில் அடியைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். மால்ட் பாகு டப்பாவுக்குள்ளேயே நாளாக ஆக நிறம் கறுத்து, பழைய வெல்லத்தைப் போன்ற ஒரு சுவையை அடைகிறது. கறுப்பு பீரில் அது தெரியாது, இதில் தெரியும். தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்பதற்காகக் காலாவதி நெருங்கிய டப்பாவை வாங்காதீர்கள்.

டப்பாவோடு 1 கிலோ சர்க்கரை சேர்க்கும்படி சீட்டு சொல்லலாம். முழுவதையும் வெள்ளைச் சர்க்கரையாகப் போட்டால் பீர் தண்ணீர்போல் மெலிந்துவிடும். 500 கிராம் வெளிர் மால்ட் தூளும் 500 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் போதும். டெக்ஸ்ட்ரோஸ் பெரும்பாலும் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்தே எடுக்கப்படுவதாலும், முழுவதும் நொதித்து மறைந்துவிடுவதாலும், மெக்சிகோ ஆலைகள் மக்காச்சோளத்தைக் கொண்டு அடையும் மென்மைக்கு ஓரளவு அருகே நம்மைக் கொண்டுசெல்லும். தண்ணீரின் அளவைச் சீட்டில் சொல்லும் 23 லிட்டரிலிருந்து 21ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த பீருக்கும் மென்மையான பீருக்கும் உள்ள வேறுபாடு அந்த 2 லிட்டரில் இருக்கிறது.

ஈஸ்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. லாகர் என்று பெயரிட்ட டப்பாக்கள் பலவற்றின் மூடிக்கடியில் இருப்பது, சாதாரண அறைவெப்பத்தில் வேலைசெய்யும் ஏல் வகை ஈஸ்ட்தான். லாகருக்கு உரியது குளிரில் நொதிக்கும் வேறொரு இனம். உலர்ந்த வடிவில் கிடைப்பவற்றில் சாஃப்லாகர் டபிள்யூ-34/70 நம்பகமானது. 11.5 கிராம் பொட்டலம் ஒன்றைப் போட்டு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். ஆனால் குளிரில் ஈஸ்ட் மெதுவாகவே பெருகுவதால், 21 லிட்டருக்கு இரண்டு பொட்டலங்கள் தேவை.

கழுவுதல் இந்த வேலையில் பாதி என்று சொன்னால் மிகையாகாது. சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். கண்ணுக்குத் தெரியும் படிவத்தைச் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து நீக்கிய பிறகே கிருமிநீக்கி தன் வேலையைச் செய்யும். அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநீக்கியால் பயனில்லை. அமில வகைக் கிருமிநீக்கியான ஸ்டார் சானை லிட்டருக்குச் சுமார் 1.5 மில்லி கலந்து, நொதிகலன், மூடி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு), கரண்டி, கத்தரிக்கோல் என்று பீரைத் தொடப்போகும் ஒவ்வொன்றையும் ஓரிரு நிமிடங்கள் நனைத்துவைத்தால் போதும். மிஞ்சும் நுரையைக் கண்டு பயந்து குழாய்நீரில் அலசிவிடாதீர்கள். அலசினால் செய்த வேலை வீணாகும்.

நொதிகலனின் குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் மூன்றாவது தயாரிப்பு, எல்லாவற்றையும் கழுவியதாக நான் நம்பிய பிறகும் புளித்துப்போனது. காரணம் புரியாமல் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி வெந்நீரில் போட்டு, உள்ளே சுழலும் உருளையை அழுத்தி வெளியே எடுத்தேன். இரண்டு பாகங்களும் உரசும் இடத்தில், நகத்தால் சுரண்டினால் வரும் பழுப்பு நிறப் பசை ஒன்று வளையமாகப் படிந்திருந்தது. முந்தைய இரண்டு பீர்களின் மிச்சம் அது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் குழாயைப் பிரித்து, குப்பி கழுவும் பிரஷால் தேய்த்த பிறகே பொருத்துகிறேன்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். குழாய்நீரின் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பீனால்களோடு சேரும்போது மருத்துவமனைக் கட்டுத்துணியை நினைவூட்டும் வாடை உண்டாகிறது. கேம்டன் என்ற மெட்டாபைசல்பைட் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்து 21 லிட்டரில் கலந்து சில நிமிடங்கள் விட்டால் குளோரின் நீங்கிவிடும். இந்த நீரில் பெரும்பகுதியை முந்தின இரவே மூடிய பாத்திரங்களில் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் அது பெரிதும் உதவும்.

தயாரிக்கும் நாளன்று டப்பாவை வெந்நீரில் 15 நிமிடம் வைத்தால் பாகு இளகும். 2 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, முதலில் மால்ட் தூளையும் டெக்ஸ்ட்ரோஸையும் ஒன்றாகக் கலந்து ஒரே வீச்சில் கொட்டிக் கிளறுங்கள். மால்ட் தூளைத் தனியாக, கொதிக்கும் பாத்திரத்தின் மேலே மெல்லத் தூவினால், ஆவி பட்டுக் கரண்டியிலும் பையிலும் பசையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு டப்பாப் பாகைச் சேர்த்துக் கரைத்து நொதிகலனில் ஊற்றுங்கள். குளிர்ந்த நீரை டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து ஊற்றி 21 லிட்டராக்குங்கள். ஈஸ்ட் பெருகுவதற்கு ஆக்சிஜன் தேவைப்படுவதால், நுரை பொங்க ஊற்றுவது இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நல்லது. நொதித்தல் தொடங்கிய பிறகு காற்று பீருக்குப் பகை.

கரைந்த சர்க்கரையால் கூடும் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் அளந்தால் 1.041 அளவில் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கலவை 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்த பிறகு ஈஸ்ட்டைத் தூவி மூடுங்கள். சூடாக இருக்கும்போதே ஈஸ்ட்டைப் போட்டுப் பிறகு குளிர்வித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். தேவையற்ற பழவாடைகள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உருவாகின்றன.

நொதித்தல் 12 டிகிரியில் நடக்க வேண்டும். பழைய குளிர்பெட்டியின் மின்கம்பியை ஒரு வெப்பக் கட்டுப்படுத்தியில் செருகி, அதன் உணரியை நொதிகலனின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துணியை மடித்துக் கட்டினால் உள்ளிருக்கும் பீரின் வெப்பத்தையே அது காட்டும். மெல்பர்னில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என் கார் நிறுத்தும் கொட்டகை தானாகவே இந்த அளவில் இருப்பதால், ஆண்டின் லாகர்களை நான் அப்போதே செய்துவிடுகிறேன். முதல் 24 முதல் 48 மணி நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அழுகிய முட்டையின் வாடை வரலாம். லாகர் ஈஸ்ட் கந்தக வாயுவை வெளியிடுவது இயல்பு, அது தானே நீங்கிவிடும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள்.

ஏர்லாக்கில் குமிழி வருகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது தவறு. மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் குமிழி வராது. ஏழெட்டு நாட்கள் கழித்துச் சிறிது எடுத்து அளந்து பாருங்கள். அளந்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். அளவு 1.016 அருகே இறங்கியதும் வெப்பத்தை 17 அல்லது 18 டிகிரிக்கு உயர்த்தி மூன்று நாட்கள் விடுங்கள். நொதித்தலின்போது டயசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது. வெண்ணெய் மணம் தருவது அது. வெப்பம் கூடியதும் ஈஸ்ட் சுறுசுறுப்படைந்து அதைத் திரும்ப உட்கொண்டுவிடும். கடைசியில் இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் ஒன்றாக, 1.009 சுற்றுவட்டாரத்தில் இருந்தால் நொதித்தல் முடிந்தது. தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும்: இங்கே 4.2. பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரை அதைச் சற்றே உயர்த்தும்.

குளிர்பெட்டியும் குளிர்காலமும் கைவசம் இல்லாதவர்கள், தெளிவாக நொதிக்கும் ஏல் ஈஸ்ட் ஒன்றை 17 டிகிரியில் பயன்படுத்தலாம். இலக்கணப்படி அது லாகர் ஆகாது என்றாலும் குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் 25 டிகிரி அறையில் வைத்துவிட்டு நல்லதை எதிர்பார்க்காதீர்கள்.

பாட்டிலில் அடைக்கும் முன் இரண்டு மூன்று நாட்கள் 2 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். வாயு உண்டாக்கத் தேவையான அளவு அப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கும். 20 லிட்டருக்கு 140 கிராம் சர்க்கரையைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமிநீக்கிய இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழல்வழியே சலசலப்பின்றி இறக்குங்கள். சர்க்கரையைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ சர்க்கரை மிஞ்சினாலோ கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும். அதன் சில்லு கண்ணைப் பறிக்கக்கூடியது. ஆகையால் முதன்முறை செய்பவர்களுக்கு நான் பிளாஸ்டிக் பெட் பாட்டில்களையே பரிந்துரைக்கிறேன். விரலால் அழுத்திப் பார்த்தே வாயு ஏறியதை அறியலாம்.

மெக்சிகோ பீர் என்றவுடன் நிறமற்ற கண்ணாடிப் பாட்டில்தான் நினைவுக்கு வரும். வீட்டில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டு உடையும்போது, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் ஒன்று பிறக்கிறது. நேரடி வெயிலில் சில நிமிடங்களே அதற்குப் போதும். பழுப்பு நிறப் பாட்டிலை இருட்டில் வைப்பதே சரி.

அடைத்த பாட்டில்களை 20 டிகிரி அளவில் இரண்டு வாரம் வையுங்கள், வாயு ஏறிவிடும். அப்போதே திறக்கக் கை துடிக்கும். லாகர் என்ற பெயர், சேமித்துவைத்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. குளிர்பெட்டியில் 2 முதல் 4 டிகிரியில் குறைந்தது நான்கு வாரம் கிடந்தால், மங்கலாக இருந்தது தெளியும், முரட்டுத்தனம் அடங்கும். வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து சுவைத்துக் குறிப்பெழுதினால், ஒரே பீர் எப்படி மாறுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.

பரிமாறும்போது பாட்டிலை ஆட்டாமல் எடுத்து, சாய்த்த கோப்பையில் இடைநிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் அடிவண்டல் கலங்கி மேலே வரும். கடைசி விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். எலுமிச்சைத் துண்டைப் பிழிவது அவரவர் விருப்பம், ஆனால் முதல் கோப்பையை எதுவும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள்.